நடுத்தூண்

மழைக்காலம் வந்துவிட்டால் கிரேன்காரர் வீட்டில் தங்குவது அபூர்வம். சறுக்கிய வண்டி, பள்ளத்தில் இறங்கிய வண்டி, முன்னால் போனவன் முதுகில் ஏறிய வண்டி என்று எங்கிருந்தாவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். போய், சேற்றில் மண்டி போட்டு, கொக்கி மாட்டித் தூக்கி, ஏதாவது ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் இறக்கிவிட்டு வர வேண்டும். ஊருக்கு வழுக்கினால் எங்கள் மாமாவுக்கு அறுவடை என்று மனைவியின் தங்கை கேலி செய்வாள். அறுக்கிறவனுக்கு இடுப்பு ஒடிவதை யார் பார்த்தது என்பார் அவர்.

அன்று மத்தியானம்தான் வந்து படுத்திருந்தார். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி, காயாத துணி தொங்கியது. அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் இஸ்திரி போடும் வேலை. நாளெல்லாம் ஊரார் படுத்த விரிப்புகளை மடிப்புக் கலையாமல் அடுக்கிவிட்டு வருகிறவளுக்கு, சொந்தச் சேலையைக் காய வைக்க வெயில் கிடைக்கவில்லை. வீடு முழுக்க ஈர வாடை.

கீழே ஹாரன் சத்தம் கேட்டது. நிறுத்தி நிறுத்தி, பாட்டுப் போல.

"உங்க சகலைதான். கார் வாங்கிட்டாராம். இறங்கி வாங்க," என்று ஜன்னலிலிருந்து மனைவி சொன்னாள்.

சகலை என்றால் அவள் தங்கையின் கணவர். குளியலறைச் சாமான் விற்கும் பெரிய கடையில் விற்பனையாளர். அவர் பேசினால் பீங்கானும் தலையாட்டும் என்று பெயர். கிரேன்காரரைவிட வயதில் இளையவர், ஆனால் எதிலும் ஒரு படி மேலே நிற்க வேண்டும் அவருக்கு. இவர்கள் வீட்டில் ஃபேன் மாட்டினால் அவர்கள் வீட்டில் கூலர் வரும். இவர் இரண்டு நாள் காய்ச்சல் என்றால் அவருக்குப் போன மாதமே நாலு நாள் வந்து போயிருக்கும். இதெல்லாம் குடும்பத்தில் சிரித்துப் பேசுகிற விஷயம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் 'சகலை' என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள்.

கார் கரும்பச்சை நிறம். மழையில் நனைந்து பளபளவென்று நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தங்கை உட்கார்ந்திருந்தாள். முன்நெற்றியில் நரை விழுந்தும் வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. ஜனங்கள் வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள் என்பதால் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். ஒரு கையில் ரத்தக்குழாய்ப் பெட்டி, ஒரு கையில் குடை, பஸ்ஸில் தொங்குவதற்கு மூன்றாவது கை வேண்டும். நின்று நின்று கெண்டைக்கால் நரம்பெல்லாம் பச்சைக் கயிறாகப் புடைத்திருந்தது. கார் அவளுக்காகத்தான் வாங்கியது. அதை ஒரு தடவைகூட மறைத்துப் பேசவில்லை சகலை. அந்தக் குணம் அவரிடம் உண்டு.

எல்லோரும் சுற்றி வந்து பார்த்தார்கள். கிரேன்காரரும் பார்த்தார். தொழில் பழக்கம், பின்னால் போனதும் குனிந்து அடியில் பார்த்தார். கயிறு மாட்டி இழுப்பதற்காக அங்கே ஒரு இரும்பு வளையம் இருக்கும். அது வாத்தியார் திருகிவிட்ட காது மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

அதைத் திருப்பியது அவருடைய சங்கிலிதான்.

கோடையில் ஒரு நாள், மேம்பாலம் இறங்குகிற வளைவில் சாம்பல் நிறக் கார் ஒன்று சறுக்கிப்போய்ப் பக்கவாட்டில் கான்கிரீட் கம்பத்தில் மோதியிருந்தது. இடது பக்கம் கம்பத்தைக் கட்டிப் பிடித்தது போல வளைந்து கிடந்தது. நேராக இழுத்தால் வராது என்று குறுக்கே சங்கிலி போட்டு இழுத்தார். அப்போது திரும்பிய வளையம் இது. ஓட்டியவர் கைமுறிவோடு பிழைத்தார். இடது பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால் அள்ளித்தான் எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் சொன்னார். ஏலத்தில் இரும்பு விலைக்குப் போகிற வண்டி என்றுதான் இவரும் நினைத்தார். ஆனால் தன்னிடம் சொன்ன ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் இறக்கியதும் இவர்தான்.

கதவு ஓரத்து ரப்பரை நகத்தால் நெம்பினார். பச்சைக்கு அடியில் சாம்பல்.

"என்ன சகல, டாக்டர் மாதிரி நாடி பாக்கறீங்க?" என்று சகலை சிரித்தார்.

மழையில், அத்தனை சந்தோஷத்துக்கு நடுவில், அவருக்கு வாய் வரவில்லை. பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் இடது பக்கத்திலிருந்து பழைய கட்டில் முனகுவது போல ஒரு சத்தம் வந்தது. மற்றவர்கள் பேசிக்கொண்டே இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே மனைவியிடம் சொல்லிவிட்டார். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றார். அப்படியானால் சொல்லத்தான் வேண்டும், ஆனால் நாளைக்கே வேண்டாம், வாங்கின சூடு கொஞ்சம் ஆறட்டும் என்றாள். "நீங்க சொன்னா உண்மையா இருந்தாலும் அவருக்குப் பொறாமையாத்தான் படும். நீங்க சொல்ற மொகம் அப்படி," என்றாள். தன் முகத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

சூடு ஆறுவதற்குள் பாப்பா பாதி ஊரைச் சுற்றிவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு. சோறும் பருப்பும் முட்டையும் வைத்துச் சாப்பிட்டு முடித்து, கை கழுவிய ஈரத்தோடு கிரேன்காரர் ஆரம்பித்தார். மேம்பாலத்துக் கம்பம், சங்கிலி, வளையம் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்கும் தூண்தான் பக்கவாட்டில் அடி விழும்போது ஆளைக் காப்பாற்றுகிறது, பெல்ட்டைக்கூட அதில்தான் மாட்டியிருக்கிறது, அது ஒரு தடவை நசுங்கிய வண்டி இது என்றார்.

சகலை கேட்டுக்கொண்டே பல் குத்தினார். இந்த ஊரில் அடிபடாத பழைய கார் எது என்று கேட்டார். சரி பண்ணித்தானே விற்றிருக்கிறார்கள், பார்த்தால் அடிபட்ட மாதிரியா இருக்கிறது என்றார்.

கிரேன்காரர் எழுந்துபோய் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்தார். தர்பூசணித் துண்டு மாதிரி செய்த விளையாட்டுக் காந்தம். எல்லோரும் கீழே இறங்கினார்கள். வலது பக்கக் கதவில் வைத்தார், கவ்விக்கொண்டது. பானெட்டில் வைத்தார், கவ்விக்கொண்டது. இடது பக்கத்தில் நடுவில் வைத்துக் கையை எடுத்தார். தர்பூசணி வழுக்கிக்கொண்டு வந்து தரையில் விழுந்தது. கொஞ்சம் தள்ளி வைத்தார். அங்கேயும் விழுந்தது.

"இந்த இடமெல்லாம் இரும்பு இல்ல சகல. பட்டி. பூசி, தேய்ச்சு, பெயிண்ட் அடிச்சிருக்கான்."

சகலை கீழே கிடந்த காந்தத்தை எடுத்துச் சட்டையில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ஒண்ணு அமைஞ்சா உங்களுக்கு எங்க எரியுது?"

கிரேன்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மனைவி பின்னாலேயே வந்தாள். பாதி வழியில், நான் சொன்னேனே முகம் என்றாள். அப்புறம் அவர் கையிலிருந்த குடையை வாங்கி அவருக்கே பிடித்துக்கொண்டு வந்தாள்.

அந்த வாரத்தில் ஒரு வண்டியை அந்த ஒர்க்‌ஷாப்பிலேயே இறக்க வேண்டி வந்தது. முதலாளி இல்லை. பின்கட்டில் வெல்டிங்காரர் மட்டும் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். வெகு நாள் பழக்கம். வெல்டிங் வெளிச்சம் பட்டுப் பட்டு அவர் கண் எப்போதும் அழுதது போலவே இருக்கும். கிரேன்காரர் பக்கத்தில் ஒரு டயரைப் போட்டு உட்கார்ந்து, அந்தச் சாம்பல் நிற வண்டியைப் பற்றிக் கேட்டார்.

மறந்துவிட்டது என்று முதலில் சொன்னார் வெல்டிங்காரர். ரொட்டியைத் தின்று முடித்த பிறகு ஞாபகம் வந்தது. வெளித்தகட்டை அடித்து நிமிர்த்தினார்களாம். அதற்கு உள்ளே இன்னொரு கெட்டியான தகடு இருக்க வேண்டும், அதுதான் உயிர். அது நசுங்கிப் போயிருந்தது. புதுசு வாங்கித் தரச் சொல்லி இவர் கேட்டிருக்கிறார். வரும் வரும் என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார், வரவில்லை. வண்டியை எடுக்க ஆள் வந்துவிட்டது.

"அப்புறம் என்ன வெச்சீங்க?"

"கெடைச்சத வெச்சேன்."

"வெல்டிங்காவது நல்லா புடிச்சிருக்கா?"

"அங்கங்க ஒட்டிருக்கு. நிக்கும். சும்மா ஓடினா நிக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்தார். "இன்னொரு அடி தாங்காது. அட்டைப் பெட்டி மாதிரி மடங்கிரும்."

சகலையிடம் வந்து இதைச் சொல்ல முடியுமா என்று கிரேன்காரர் கேட்டார். வெல்டிங்காரர் தேநீர் டம்ளரை மழைத் தண்ணீரில் நீட்டிக் கழுவினார். இந்த வயசுக்கு மேல் என்னை எவன் வேலைக்கு வைப்பான் என்றார் கடைசியில். அதற்கு மேல் கேட்க இவருக்கும் முகம் இல்லை. அங்கே வண்டி கொண்டுவந்து இறக்கி இறக்கித்தானே இவர் வீட்டிலும் அடுப்பு எரிகிறது. உள் தூணை மூடியிருக்கும் பிளாஸ்டிக்கைக் கழற்றினால் எல்லாம் தெரியும், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார் வெல்டிங்காரர்.

பாப்பா காலையில் எந்தத் தெருவில் இருப்பாள் என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டு, கிரேன்காரர் அங்கே போய் நின்றார். அவள் ஒரு வீட்டிலிருந்து பெட்டியோடு இறங்கி வந்தாள். இவரைப் பார்த்ததும் எதற்கு வந்தார் என்று புரிந்துவிட்டது. சாவியை நீட்டினாள்.

ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பியதும் பிளாஸ்டிக் மூடி கழன்று வந்தது. உள்ளே டார்ச் அடித்தார். துருப் பிடித்த ஓரங்களில் வெல்டிங் சொட்டுச் சொட்டாகக் காக்காய் எச்சம் மாதிரி விழுந்திருந்தது. பாதி இடத்தில் ஒட்டவே இல்லை. விரல் நுழைகிற இடைவெளி. கெட்டித் தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு கடையின் பழைய பெயர்ப் பலகையிலிருந்து வெட்டிய தகரம். மஞ்சள் பெயிண்டில் ஒரு எழுத்தின் கொம்பு மட்டும் தெரிந்தது.

பாப்பா உள்ளே கையை விட்டு அந்தத் தகரத்தை அழுத்தினாள். டப்பா மூடி போல உள்ளே போய் வெளியே வந்தது. கையை எடுத்து, ரத்தம் எடுக்கும்போது துடைக்கிற பஞ்சால் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு காந்தம் விழுந்தப்பவே எனக்குத் தெரியும் மாமா," என்றாள். "ஆனா திரும்பப் போய் பஸ்ஸுக்கு நிக்கறத நெனச்சாலே கால் நடுங்குது. நான் என்ன செய்ய?"

கிரேன்காரர் டார்ச்சை அணைத்தார். மூடியைத் திரும்ப மாட்டினார். மெதுவாகப் போ, இடது பக்கம் யாரையும் உட்கார வைக்காதே என்றார். சரி என்றாள்.

அப்படியே கொஞ்ச காலம் ஓட்டினாள். கணவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. இடது பக்க இருக்கையில் ரத்தக்குழாய்ப் பெட்டியை வைத்து பெல்ட் போட்டுவிடுவாள். சகலை வந்து ஏறினால் பின்னால் வலது பக்கம் போகச் சொல்லுவாள், பெட்டி குலுங்கக் கூடாது என்பாள். முதலாளி மாதிரி பின்னால் உட்காருவது அவருக்கும் பிடித்திருந்தது. அக்காவிடம் போனில் பேசும்போது, "இடது பக்கம் ஊரோட ரத்தம் உக்காந்து வருது. என்னோடது வலது பக்கம் இருக்கு," என்று சொல்லிச் சிரித்தாளாம்.

கடைசியில் சகலைக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு காய்கறித் தள்ளுவண்டி. சரிவான தெருவில் காரை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். மேலே நின்ற தள்ளுவண்டி கட்டை நழுவி உருண்டு வந்து காரின் இடது பக்கத்தில் இடித்தது. பெரிய இடி இல்லை. நாலு தக்காளி கீழே விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் காரின் நடுவில் பெயிண்ட்டோடு ஒரு பெரிய பாளம் பெயர்ந்து தரையில் விழுந்தது. சகலை போய் அதைக் கையில் எடுத்தார். ரொட்டித் துண்டு கனம். அத்தனையும் பட்டி. பின் கதவைத் திறக்கப் பார்த்தார். இறுகிக்கொண்டது. தள்ளுவண்டிக்காரர் பயந்து கும்பிட்டுக்கொண்டு நின்றார். அவரை ஒன்றும் சொல்லாமல் தக்காளியைப் பொறுக்கிப் போட்டுவிட்டு வந்தார் சகலை. வீடு வரும் வரை பேசவில்லையாம். அவ்வளவு நேரம் அவர் வாய் சும்மா இருந்து தான் பார்த்ததில்லை என்று பாப்பா சொன்னாள்.

பிறகு நடந்தது கிரேன்காரருக்குத் தெரியாது. அவருக்கு இடைவிடாத வேலை. மழை விட்டு, ஒரு வழியாக வெயில் எட்டிப் பார்த்த நாளில் சகலையும் பாப்பாவும் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஆப்பிள் பை. மூன்று மாடி ஏறிய மூச்சு வாங்க சகலை நேராக இவரிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொன்னதுதான் சரி சகல. அன்னிக்கு வாயி தவறிப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. வண்டிய வித்துட்டேன்."

இவ்வளவு தூரம் இறங்கி வந்து அவர் பேசியது அதுதான் முதல் தடவை. கிரேன்காரருக்கு நெஞ்சு இளகியது. உட்காரச் சொன்னார். மனைவி தேநீர் வைக்க உள்ளே போனாள். பழைய இரும்புக்குத்தானே போட்டீர்கள் என்று கேட்டார்.

சகலை ஆப்பிள் பையை மேஜையில் சரியாக வைத்தார். அந்த ஒர்க்‌ஷாப்காரனிடமே சண்டை போட்டு, விழுந்த இடத்தை எல்லாம் திரும்பப் பூசி வாங்கியதாகச் சொன்னார். கதவையும் சரி செய்து கொடுத்தானாம். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற ஒருவர் வந்து பார்த்தார், பிடித்துப் போய் எடுத்துக்கொண்டார்.

"விஷயத்த சொன்னீங்களா?"

"கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன். கேக்காததுக்கு என்ன சொல்றது? எனக்கு யாரு சொன்னாங்க?"

கிரேன்காரர் பிடித்திருந்த கையை விட்டார். சகலையின் முகத்தில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. மூழ்க இருந்தவன் கரை ஏறிய அசதிதான் இருந்தது. பல வருஷம் சேர்த்துச் சேர்த்து வைத்தது போகாமல் திரும்பி வந்த நிம்மதி. உள்ளேயிருந்து மனைவி குரல் வந்தது: "விடுங்க. நம்ம வீட்டுப் புள்ள தப்பிச்சாளே, அது போதும்." சொல்லிவிட்டு, தேநீரை வடிகட்டாமல் அப்படியே நின்றாள்.

கிளம்பும்போது சகலை முன்னால் இறங்கினார். பாப்பா செருப்பைத் தேடுவது போலப் பின்தங்கினாள்.

"அவங்க பாக்க வந்தப்ப ஒரு வயசான அம்மாவையும் கூட்டிட்டு வந்திருந்தாங்க மாமா. பின் சீட்டுல உக்கார வெச்சுப் பாத்தாங்க, ஏறி எறங்க வசதியா இருக்கான்னு. வாரா வாரம் ரத்தம் சுத்தம் பண்ணக் கூட்டிட்டுப் போகணுமாம்."

"நீ என்ன பண்ணே?"

"நான் உள்ள போயிட்டேன்."

அந்தத் தெருவையும் அடையாளத்தையும் சொன்னாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. படியில் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினாள். வண்டி போன நாளிலிருந்து அவளுக்குத் திரும்பவும் பஸ்தான்.

மறுநாள் கிரேன்காரர் தன் வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து போனார். வரிசை வீடுகள். கடைசி வீட்டு வாசலில் பச்சைக் கார் நின்றது. ஜெராக்ஸ் கடைக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்து ஓட்டைகளைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் மை ஏறிய கறுப்பு. தான் யார், எதற்கு வந்தேன் என்று கிரேன்காரர் சொல்ல ஆரம்பித்தார். பாதியிலேயே அவர் சிரித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நீங்க கிரேன் ஓட்டறவர்தானே? வருவீங்கன்னு சொன்னாரு."

"யாரு?"

"உங்க சகலைதான். சொந்தத்துல ஒருத்தர் வயித்தெரிச்சல்ல வந்து வண்டிய பத்தி ஏதாச்சும் சொல்லுவாரு, காதுல போட்டுக்காதீங்கன்னாரு. எல்லா குடும்பத்திலயும் இருக்கறதுதான் சார். டீ சாப்பிடறீங்களா?"

அதில் குத்தல் இல்லை. மரியாதையாகவே கேட்டார். கிரேன்காரருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதுகு முழுக்க ஒரு களைப்புதான் பரவியது. இருந்தாலும் சொன்னார். மேம்பாலத்துக் கம்பத்திலிருந்து பெயர்ப் பலகைத் தகரம் வரைக்கும், யார் மேலும் பழி போடாமல், நிதானமாகச் சொன்னார். என்னை நம்ப வேண்டாம், உள் மூடியைக் கழற்றிக் காட்டுகிறேன், கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அவர் காரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். மூடியைக் கழற்றிவிட்டு மாட்ட முடியாமல் போனால் என்ன செய்வது என்று கேட்டார். மெக்கானிக் ஒருத்தர் ஓட்டிப் பார்த்து இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று சொன்னாராம். இன்ஜினைப் பற்றி நான் பேசவே இல்லையே என்றார் கிரேன்காரர். ஜெராக்ஸ் கடைக்காரர் பிரஷ்ஷை வாளித் தண்ணீரில் முக்கி அலசினார், அலசிக்கொண்டே இருந்தார். அவர் இவரை நம்பாமல் இல்லை, நம்பினால் அடுத்து என்ன செய்வது என்றுதான் தெரியாமல் நிற்கிறார் என்பது கிரேன்காரருக்குப் புரிந்தது.

"அம்மாவுக்கு நேரமாச்சு சார். சட்டைய மாட்டிட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் போனார்.

அவர் உள்ளே போகவும், அவர் மனைவி மாமியாரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. அந்த அம்மா சருகு மாதிரி இருந்தார். முகமும் பாதமும் மட்டும் வீங்கியிருந்தன. மருமகளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். தலையை வாரக்கூட நேரம் கிடைக்காத மாதிரி அள்ளி முடிந்திருந்தாள். தோளில் ஒரு பை, அக்குளில் ஒரு தலையணை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

மாமியாரைச் சுவரோரம் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எந்தப் பக்கம்ண்ணே?"

கிரேன்காரருக்கு முதலில் விளங்கவில்லை.

"அவர் இத விக்கவும் மாட்டாரு, வேற வாங்கவும் முடியாது. எங்களுக்கு அவ்வளவுதான். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க."

"இடது பக்கம்மா. ரெண்டு கதவுக்கும் நடுவுல."

அவள் தலையாட்டினாள். திறந்திருந்த இடது கதவை முழங்கையால் தள்ளி மூடினாள். "அத்தை, இன்னிக்கு அந்தப் பக்கமா ஏறிக்கலாம், வாங்க," என்று மாமியாரைத் திருப்பி, காரைச் சுற்றி, ஒவ்வொரு அடியாக நடத்திக்கொண்டு போனாள். எப்போதும் ஏறுகிற பக்கம் இதுதானே என்று அந்த அம்மா முனகினார். அங்கே வெயில் அடிக்கிறது என்றாள் மருமகள். வலது பக்கம் உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணையைச் செருகி, பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே கணவர் வந்தார். கிரேன்காரரிடம், வரட்டுமா சார் என்று சொல்லிவிட்டு ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார். அவள் சுற்றி வந்தாள். முன் கதவின் பிடியில் ஒரு நொடி கை வைத்தாள். உள்ளே மாமியார் ஒரு பக்கமாகச் சரியப் பார்த்தார். அவள் கையை எடுத்து, பின் இடது கதவைத் திறந்து ஏறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். கதவு ஒரு தடவையில் சாத்திக்கொள்ளவில்லை. இரண்டாவது தடவை இழுத்துச் சாத்தினாள்.

கார் ஓரமாக ஊர்ந்து தெருவில் ஏறியது. அது தன்னைக் கடக்கும்போது கிரேன்காரர் பார்த்தார். மாமியாரை ஒரு கையால் அணைத்தபடியே, அவள் இந்தப் பக்கத்துக் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.